தங்கை வீட்டுக்கு ஒரு பழைய கார்: வேகன் ஆரா, ஸ்விஃப்டா, நியோஸா, டியாகோவா?

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் குடியிருக்கும் என் தங்கை வீட்டில் ஐந்து பேர். தங்கை, மாப்பிள்ளை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ள அவளுடைய மாமியார். மணப்பாறைப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலுக்கு மாதம் ஒரு முறை, சென்னைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மற்ற நாள்களில் பள்ளி, காய்கறிச் சந்தை, எலும்பு மருத்துவர் என்று கணக்குப் போட்டால், அவர்களுடைய வண்டி ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. கையில் இருப்பது ஐந்து லட்சம். அதற்குமேல் கடன் வாங்குவதில் மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை. "மச்சான், நீங்களே பார்த்து ஒரு முடிவு சொல்லுங்க" என்று அவர் பொறுப்பை என்னிடம் விட்டதிலிருந்து, ஆறு வாரங்களில் திருச்சியிலும் கரூரிலும் துறையூரிலுமாகப் பதினோரு வண்டிகளைப் பார்த்தேன்.

அந்த அலைச்சலில் எனக்கு உறுதிப்பட்டது, கேள்விகளைக் கேட்கும் வரிசைதான். பெரும்பாலோர் எந்த மாடல், என்ன நிறம் என்று தொடங்கி, பிறகு விலைக்கும், அதன் பிறகு ஆண்டுக்கும், கடைசியில் ஆர்.சி. புத்தகத்துக்கும் வருகிறார்கள். மாடலை முதலிலேயே மனத்தில் வரித்துக்கொண்டவர், அந்த மாடலில் கிடைக்கிற வண்டியின் குறைகளுக்கெல்லாம் தாமே சமாதானம் தேடத் தொடங்கிவிடுகிறார். ஆகவே புதியதா பழையதா, எந்த ஆண்டுக்குப் பிந்தையது, யாரிடமிருந்து வாங்குவது என்ற மூன்றையும் முடித்துவிட்டு, நான்காவதாகவே மாடலுக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

புதியதா, பழையதா

2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றம், பழைய கார் வாங்குவோரின் கணக்கை மாற்றி எழுதிவிட்டது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு அதுவரை 28 சதவீத வரியும் அதன்மேல் ஒரு செஸ்ஸும் இருந்தன. இப்போது 18 சதவீதம் மட்டுமே. புதிய வேகன் ஆரின் தொடக்க ரகம் ஷோரூம் விலையில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. "அப்படியானால் புதியதையே வாங்கிவிடலாமே" என்று தங்கை கேட்டாள். ஷோரூம் விலையோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை சேரும்போது அந்தத் தொகை ஆறு லட்சத்தை நெருங்குகிறது. அதற்குக் கிடைப்பதும் வசதிகள் குறைந்த தொடக்க ரகமே. பழைய காருக்கு ஆயுட்கால வரியை முதல் உரிமையாளரே கட்டியிருப்பார். மாநிலத்துக்குள் பெயர் மாற்றும்போது அதை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இருந்தாலும் அந்த வரிக் குறைப்பு நமக்குப் பேரத்தில் கைகொடுக்கிறது. விற்பவர்களில் பலர் 2025 செப்டம்பருக்கு முந்தைய விலையையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதே மாடலின் அதே ரகம் இன்று புதிதாகச் சாலைக்கு வர என்ன ஆகும் என்று ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பேச வேண்டும். ஐந்து ஆண்டு ஓடிய வண்டிக்கு அந்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்டால், கொஞ்சம் பொறுத்திருந்து பணம் சேர்த்துப் புதியதை வாங்குவதே மேல் என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். பதினொன்றில் நான்கு வண்டிகள் இந்த வரம்பிலேயே கழிந்துவிட்டன.

எந்த ஆண்டுக்குப் பிந்தையது

குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காருக்கு, தயாரிப்புத் தேதியில் சில கோடுகள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும், திடீரென அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று, உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் அப்போதிருந்தே புதிய வண்டிகளோடு வருகிறது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. முன்னால் அமரும் பயணிக்கான ஏர்பேக், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 ஆண்டின் இறுதியில்தான் கட்டாயமானது. 2018-இல் செய்த ஒரு தொடக்க ரகத்துக்கும் 2020-இல் செய்ததற்கும் விலையில் உள்ள இடைவெளி, ஒரு குழந்தையின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தொகையை மிச்சம் பிடிப்பதற்காக ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றி, மழைநாளில் உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் பிரேக் போட எனக்கு மனம் வராது. எனவே 2019 ஜூலைக்கு முன் செய்த வண்டியை, இந்தப் பாதுகாப்புகள் அதில் முன்கூட்டியே இருந்தாலொழிய, பார்ப்பதே இல்லை என்று தீர்மானித்தோம். இதற்குப் பதிவு செய்த தேதியைப் பார்த்தால் போதாது. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும்; அதையே பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்கள்தாம் அதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டியில் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு, எரிபொருள் குழாயின் ரப்பர்ப் பகுதிகளில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லிவிட வேண்டும். டீசல் வண்டி எங்கள் ஓட்டத்துக்குத் தேவையே இல்லை. ஊருக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் பி.எஸ். 6 டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

யாரிடம் வாங்குவது

மூன்று வழிகள் உண்டு: உரிமையாளரிடம் நேரடியாக, ஊர்தோறும் உள்ள கார் கன்சல்டிங் கடைகளில், அல்லது மாருதியின் ட்ரூ வேல்யூ, ஹூண்டாயின் ப்ராமிஸ் போன்ற நிறுவன விற்பனையகங்களில்.

நிறுவன விற்பனையகத்தில் சான்றளிக்கப்பட்ட வண்டிக்கு வாரண்டியும் சில இலவச சர்வீஸ்களும் கிடைக்கின்றன; பெயர் மாற்றத்தையும் அவர்களே முடித்துத் தருகிறார்கள். கார் பற்றி எதுவுமே தெரியாத, உடன் வர நம்பகமான மெக்கானிக்கும் இல்லாத குடும்பத்துக்கு இதையே நான் சொல்வேன். விலை கூடுதலாக இருப்பது இயல்பு. பதிவு பெற்ற வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் முடிவெடுத்தது, இரண்டு தனிநபர்களுக்கு இடையே நடக்கும் விற்பனைக்கு அந்த வரி இல்லை.

நேரடி உரிமையாளரிடம் வாங்குவதில் எனக்குப் பிடித்தது விலை குறைவு என்பதைவிட, கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான். ஏன் விற்கிறீர்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், யார் ஓட்டுவார்கள் என்று வண்டி நின்ற வாசலிலேயே நின்று கேட்கலாம். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கன்சல்டிங் கடைகளில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் வண்டியின் பூர்வீகம் அங்கே மறைந்துவிடுகிறது. பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் தம் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த அங்கீகாரம் உண்டா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

நான் பார்த்த மோசமான வண்டியும் ஒரு கன்சல்டிங் கடையில்தான் நின்றது. 2019 வேகன் ஆர், தாம்பரம் பதிவு, மீட்டரில் 41,000 கிலோமீட்டர், வெளிச்சந்தையைவிட அறுபதாயிரம் குறைவான விலை. டேஷ்போர்டு பளபளத்தது, கதவைத் திறந்ததும் செண்ட் வாசனை முகத்தில் அடித்தது. என்னுடன் வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் தொடவே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது நிற்கும் வரை மெதுவாக இழுத்தார். வழக்கமாக வெளியே தெரியும் பகுதி கறுப்பாகத் துவைத்ததுபோல் இருந்தது. சுருளுக்குள்ளிருந்து வந்த கடைசி ஒரு முழத்தில், தேநீர் காய்ந்த கறைபோல ஒரு கோடு குறுக்கே ஓடியது. பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனால் தூர்வாரிய கிணற்றின் மணம். பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். அடியில் இருந்த பள்ளத்தின் ஓரத்தில், சலித்தெடுத்ததுபோல நைசான வண்டல் படிந்திருந்தது. ஒரு நாள் மழையில் கண்ணாடி திறந்து கிடந்தது என்று விற்பவர் சொன்னார். ஸ்டெப்னிக்கு அடியில் வண்டல் சேர ஒரு நாள் மழை போதாது. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. அதே 2023 டிசம்பரின் பிற்பாதியில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று கைவிட்ட வண்டிகளைக் குறைந்த விலைக்கு எடுத்துச் சுத்தம் செய்து, வெள்ளம் பார்க்காத ஊர்களில் விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினை இறக்கிச் சரிசெய்துவிடலாம் என்பது உண்மைதான். தண்ணீர் ஏறிய வயரிங்கில்தான் ஆபத்து. இணைப்பிகளுக்குள் செம்பு பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒவ்வொன்றாக வேலை நிறுத்தம் செய்யும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் தரையை ஒட்டி, கியர் லிவருக்கு அருகில்தான் இருக்கிறது. அது நனைந்திருந்தால் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சீட் பெல்ட்டின் கடைசி முழம், ஸ்டெப்னிப் பள்ளம், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, தரை விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு ஆகிய நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பதிவு வண்டி என்றால் இந்த ஐந்து நிமிடத்தை முதலில் செலவிடுங்கள். மற்றச் சோதனைகளுக்கு அப்புறம் போகலாம்.

நான்கு வண்டிகள்

எங்கள் தொகைக்குள் நியாயமாக வரக்கூடியவை நான்கு: 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறை வேகன் ஆர், 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட், 2019 ஆகஸ்டில் வந்த கிராண்ட் ஐ10 நியோஸ், 2020-இல் புதுப்பிக்கப்பட்ட டாடா டியாகோ. டிசையரும் ஹோண்டா அமேஸும் பட்டியலில் இருந்தன. அமேஸின் 420 லிட்டர் டிக்கி ஆசை காட்டியது என்றாலும், ஏறக்குறைய நான்கு மீட்டர் நீள வண்டியைத் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டு ஸ்கூட்டர் வெளியே வர முடியாது. டிசையரில், டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு (சொந்த வண்டியாக) மாற்றப்பட்டவை கலந்து வருகின்றன, ஆர்.சி.யின் வரலாற்றைப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. குஜராத்தின் சாணந்தில் உருவான ஃபோர்டு ஃபிகோ ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உதிரிபாகம் தேடி அலைய நேரமில்லாத குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறேன். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில், அன்றைய விதிமுறைப்படி, டியாகோ பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்பில் மூன்றும் 2020-இல் பெற்றது. மற்ற மூன்றுக்கும் இரண்டு பிரிவிலும் இரண்டு நட்சத்திரம்தான். இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. முழங்கால் பிரச்சினையுள்ள பெரியவர் வீட்டில் இல்லாவிட்டால், யோசனையே இல்லாமல் டியாகோவைச் சொல்லியிருப்பேன். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் சிக்னலில் நிற்கும்போது சற்று அதிர்வு தெரியும். மாருதிபோல மறுவிற்பனை மதிப்பும் இல்லை. ஆனால் மறுவிற்பனை மதிப்புக் குறைவு என்பது விற்பவரின் கவலை. வாங்குபவருக்கு அது லாபம். அதே ஆண்டு, அதே ஓட்டமுள்ள ஸ்விஃப்டைவிட டியாகோ கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

ஸ்விஃப்டில் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் 2018 முதலே எல்லா ரகத்திலும் உண்டு. ஆகவே 2019 ஜூலை என்ற கோட்டுக்கு இது விலக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜின் மென்மையாக ஓடுகிறது, நெடுஞ்சாலையில் தடுமாறாது. ஆனால் பின்கதவின் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லாமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கிறது. தங்கையின் சின்ன மகனுக்குக் கை எட்டவில்லை. பின்னிருக்கை தாழ்வானது, ஜன்னல் சிறியது. டிக்கி 268 லிட்டர். அதோடு, நான் பார்த்த மூன்று ஸ்விஃப்ட்களில் இரண்டில் பெரிய அலாய் சக்கரமும், வயரை வெட்டி ஒட்டிய கூடுதல் விளக்குகளும் இருந்தன. வயரிங்கில் கைவைத்த வண்டி எந்த மாடலானாலும் வேண்டாம்.

நியோஸ் நால்வரில் உள்ளே அமர மிக இனிமையானது. நடுத்தர, உயர் ரகங்களில் பின்னிருக்கைக்குத் தனி ஏ.சி. துவாரம் உண்டு, சித்திரை மாதத் திருச்சி வெயிலில் பின்னால் அமர்ந்து போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரண்டு ஏர்பேக் தொடக்கத்திலிருந்தே உண்டு. 260 லிட்டர் டிக்கி சென்னைப் பயணத்துக்குப் போதாது.

வேகன் ஆரின் பலம் அதன் வடிவம். உயரம் 1675 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 1530. அகலம் 1620, ஸ்விஃப்ட் 1735. அகலத்தில் உள்ள பதினொன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சிறிது; இருபக்கமும் வண்டிகள் நிற்கும் அடையவளஞ்சான் வீதியில் ஒரு ஆள் ஒதுங்கி நிற்கும் இடம் அது. டிக்கி 341 லிட்டர். பலவீனங்களும் உண்டு: உயரமான, எடை குறைந்த உடல் என்பதால் திறந்த வெளியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், பின்னிருக்கைக்கு ஏ.சி. துவாரம் இல்லை, மோதல் சோதனை மதிப்பெண்ணை மேலே சொல்லிவிட்டேன். வாங்குவதானால் 1.2 லிட்டர் இன்ஜினை வாங்குங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் 1.0 திணறும். 2020-ஆம் ஆண்டில் முன்பயணி ஏர்பேக் எல்லா ரகத்திலும் இல்லை. விஎக்ஸ்ஐ ரகம் என்றால் பெயரின் பின்னால் 'ஓ' என்ற எழுத்து உண்டா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இடப்பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2018 நவம்பருக்கும் 2019 அக்டோபருக்கும் இடையில் செய்த 1.0 வண்டிகளை எரிபொருள் பம்பு பழுதுக்காக நிறுவனம் 2020 ஜூலையில் திரும்ப அழைத்தது. அந்த மாற்றம் நடந்ததா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, நான்கிலும் உட்காரவைத்து எழவைத்தேன். ஸ்விஃப்டிலிருந்து இறங்கும்போது முன்னிருக்கையின் முதுகைப் பிடித்து, இரண்டு முறை முயன்று எழுந்தார்கள். டியாகோவில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேகன் ஆரில் எதையும் பிடிக்கவில்லை. "தம்பி, இதுல நாற்காலியில உக்கார்ற மாதிரி இருக்கு" என்றார்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் இதைச் சொல்லாது. கார் வாங்கும் முன் வீட்டில் மிகவும் சிரமப்படுபவரை உட்காரவைத்துப் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பதற்கு நிகரான சோதனை.

போனட்டைத் திறந்தபின்

காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். போனதும் போனட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்காக முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜினில்தான் சங்கிலிச் சத்தமும், ஆயில் எரியும் நீலப் புகையும், ஸ்டார்ட் ஆகத் திணறும் பேட்டரியும் வெளிப்படும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போல வெளுத்த படலம் தடிப்பாக இருந்தால், தண்ணீர் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு மடிக்கணினி வேலை. ஒரு நியோஸின் மீட்டர் 29,000 காட்டியது. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் காப்பீட்டுக் காகிதங்களோடு மடித்துக் கிடந்த 2022-ஆம் ஆண்டு சர்வீஸ் ரசீதில் 46,000 என்று இருந்தது. அதை எடுத்துப்போட அவர்கள் மறந்திருந்தார்கள். எல்லா வண்டியிலும் இப்படி ரசீது கிடைக்காது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங்கின் சொரசொரப்பு போயிருந்தால், முப்பதாயிரம் என்ற கணக்கை நம்பாதீர்கள். உரிமையாளரை அழைத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குப் போய், பதிவெண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைக் கேட்பதே உறுதியான வழி. அதற்கு உரிமையாளர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

விபத்தைக் கண்டுபிடிக்கப் பெயிண்டைவிட போல்ட்டுகள் உதவும். போனட் கீல், முன்புற ஏப்ரன் (போனட்டுக்குள் சக்கரத்தை ஒட்டிய உலோகச் சுவர்), கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் சம இடைவெளியில் வட்டவட்டமாக இருக்கும். டிங்கரிங்கில் வைத்தது அப்படி இருக்காது. கதவில் சிறிய பட்டி வேலையும் டச்சப்பும் நம் ஊர்ச் சாலையில் சகஜம், அதற்காக ஒரு வண்டியைத் தள்ள வேண்டாம். ஏப்ரனில் வெல்டிங் இருந்தால் தள்ளிவிடுங்கள்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. கியர் வண்டியானால், மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கம்பெனி சி.என்.ஜி. வண்டியானால் ஆர்.சி.யில் எரிபொருள் வகை பதிவாகியிருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனையின் சான்றும் இருக்க வேண்டும்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு உண்டா, காப்பீடு எப்போது முடிகிறது என்பதை எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். நிலுவையில் உள்ள அபராதச் சலான்களையும் பார்க்கலாம். வங்கிக் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு நீக்கப்படாத வண்டிகள் அதிகம். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியானால் படிவம் 28-உடன் இங்கே வரியும் சேரும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடத் தடை வந்த தில்லியிலிருந்து மலிவாக வந்தது என்று யாராவது காட்டினால், இந்த வரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெயர் மாற்றத்தில் அலட்சியம் விற்பவருக்கே பெரிய ஆபத்து. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. வண்டி அதற்குள் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. காப்பீட்டையும் பதினான்கு நாள்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல; விற்பவரின் 50 சதவீதச் சலுகை நமக்கு வராது என்பதால் காப்பீட்டுத் தொகை கூடும், அதையும் விலையில் கணக்கிட வேண்டும். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டாகைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டு, அவரையே அதை முடித்துவைக்கச் சொல்ல வேண்டும். வண்டி கைமாறிய நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருவரிடமும் இருக்க வேண்டும்.

கடைசியில் துறையூரில், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகும் வங்கி ஊழியர் ஒருவரிடம் 2020 செப்டம்பரில் செய்த 1.2 வேகன் ஆர், விஎக்ஸ்ஐ (ஓ), ஒரே உரிமையாளர், 38,000 கிலோமீட்டர், இரண்டு சாவிகளோடு கிடைத்தது. ஒவ்வோராண்டு சர்வீஸும் மையத்தின் கணினியில் இருந்தது. நான்கு டயர்களின் பக்கத்திலும் 3120 என்ற எண் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தவை, வண்டியோடு வந்தவை. மீட்டர் உண்மை என்பதற்கு அது ஒரு சாட்சி. டயரின் பட்டன் (தேயும் மேடு) இன்னும் மிச்சமிருந்தாலும் ஐந்தரை வயது ரப்பர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, அவர் கேட்ட விலையில் பதினைந்தாயிரம் குறைத்து, நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடித்தோம். நட்சத்திர மதிப்பெண்ணில் நான் விட்டுக்கொடுத்தேன் என்பதை மாப்பிள்ளையிடம் வெளிப்படையாகவே சொன்னேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவரும் பெல்ட் போடாமல் வண்டி நகரக் கூடாது, நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டக் கூடாது என்ற இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தோம். மறுநாள் காலை நான்கு புது டயர்களும் வீல் அலைன்மென்ட்டும் முடித்துக்கொண்டு, அங்கிருந்தே நேராக ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம்.